வீட்டை விற்பவரும் வாங்குபவரும் மறைக்கக் கூடாதவை



ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்கின்ற மிகப் பெரிய வியாபாரம், வீடு வாங்குவதும் விற்பதும்தான். துறைமுகத்தில் உழைத்தும், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்த்தும், வளைகுடா நாடுகளின் வெயிலில் நின்றும் சேர்த்த பணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் போடப்படும் சில கையொப்பங்களில் கைமாறி விடுகிறது. கத்தரிக்காய் வாங்கும்போது கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகின்ற நாம், வீடு வாங்கும்போது மட்டும் தரகரின் பேச்சையும் புதிதாக அடித்த வண்ணத்தையும் நம்பி முன்பணம் கொடுத்து விடுகிறோம். பிறகு பல ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறோம்.

வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பது ஒரு பக்கம். விற்பவர் ஏமாற்றக் கூடாது என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கம் நம் மஹல்லாக்களில் அதிகம் பேசப்படுவதில்லை. எனவே ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் பகுதியின் நடைமுறைகளை முன்வைத்து இரண்டையும் இங்கே விளக்குகிறோம்.

ஈரம் அடியில் இருக்கிறது

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதற்குள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் அடியில் ஈரமாக இருந்தது. மழையில் நனைந்து விட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபியவர்கள் கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இச்செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

அந்த வியாபாரி பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தானியம் நனைந்ததற்கு அவர் காரணமும் அல்லர். ஈரத்தை அடியில் வைத்தார், அவ்வளவுதான். அதுவே ஏமாற்று என்று கருதப்பட்டது.

நம் பகுதியில் வீடுகளின் ஈரமும் அடியில்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் தண்டையார்பேட்டையில் சில தெருக்களின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு பெட்ரோலிய எண்ணெய் கலந்து வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் வட்டாரத்து வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். திருவொற்றியூர்க் கடலோரத்தில் கடல் அரிப்பு பல ஆண்டுகளாக வீடுகளை விழுங்கி வந்ததால்தான் அங்கே கற்களைக் கொட்டித் தடுப்புகள் அமைக்கப்பட்டன.

இவையெல்லாம் ஊரறிந்த செய்திகள்தாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குள் தண்ணீர் எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் வடியவில்லை, கிணற்று நீரைக் குடிக்க முடியுமா என்பவற்றை அந்த வீட்டுக்காரர் மட்டுமே அறிவார். சுவரில் இருந்த வெள்ளக் கறையின் மேல் வண்ணம் பூசிவிட்டு மௌனமாக இருப்பவர், ஈரத்தை அடியில் வைத்த அந்த வியாபாரியைப் போன்றவரே.

நாட்டின் சட்டமும் இதே திசையில் பேசுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சொத்தின் குறைக்கும், சொத்துரிமையின் குறைக்கும் இது பொருந்தும்.

வாங்குபவரே! நீங்களும் கையை நுழைத்துப் பாருங்கள். வீட்டைப் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பாருங்கள். மழை நாளில் ஒரு முறை சென்று தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். அதே தெருவில் நீண்ட நாள் வசிக்கும் மூன்று வீடுகளில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, கன்டெய்னர் லாரிகள் எந்த நேரத்தில் தெருவை அடைக்கின்றன, காற்று எந்தப் பக்கமிருந்து நெடியைக் கொண்டு வருகிறது என்பதை அவர்கள் சொல்வார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய பிறகு, "மெட்ரோ பக்கம்" என்பது தரகர்களின் முதல் வாக்கியமாகி விட்டது. அந்தப் பக்கம் எத்தனை நிமிட நடை என்பதை நடந்து பார்த்தே தெரிந்து கொள்ளுங்கள்.

தந்தையின் வீட்டை யார் விற்கலாம்?

சுவரில் உள்ள விரிசலை விட ஆபத்தானது உரிமையில் உள்ள விரிசல். நம் சமுதாயத்தில் அது பெரும்பாலும் ஒரே இடத்தில் ஏற்படுகிறது. தந்தை இறந்து விடுகிறார். பாகப்பிரிவினை செய்யாமலேயே குடும்பம் அந்த வீட்டில் வாழ்கிறது. பத்தாண்டுகள் கழித்து மகன்கள் விற்க முன்வருகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, ராயபுரத்தில் ஒருவர் தம் பெயரில் ஒரு வீட்டை விட்டுச் சென்றார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு மனைவி, இரு மகன்கள், இரு மகள்கள் இருக்கிறார்கள். பெற்றோர் உயிருடன் இல்லை. கடன், வஸிய்யத் எதுவும் இல்லை. அந்த வீடு 48 லட்சம் ரூபாய்க்கு விலை போகிறது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வகுத்த பங்கின்படி, மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 6 லட்சம். மீதி 42 லட்சத்தில் மகன் ஒவ்வொருவருக்கும் 14 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 7 லட்சம். தந்தையின் உயிர் பிரிந்த கணத்திலேயே இப்பங்குகள் அவரவர் உடைமையாகி விடுகின்றன. அண்ணன் கொடுத்தால்தான் தங்கைக்கு உண்டு என்பது கிடையாது.

ஆனால் நடப்பது என்ன? "கல்யாணத்தில் நகை போட்டு விட்டோமே" என்கிறார்கள். மகளின் கையில் பேனாவைக் கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள். தாய்வீட்டுக் கதவு மூடிவிடுமோ என்ற அச்சத்தில் அவளும் வாய் திறவாமல் கையொப்பமிடுகிறாள். திருமணத்தில் கொடுத்தது தந்தை தம் வாழ்நாளில் செய்த அன்பளிப்பு; அது வாரிசுப் பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. வெட்கத்தாலும் அச்சத்தாலும் பிறந்த சம்மதம், மனம் பொருந்திய சம்மதம் ஆகாது. முதலில் அவளுடைய பங்கை அவளிடம் ஒப்படையுங்கள். பணம் தன் கைக்கு வந்த பிறகு, அவள் விரும்பித் தம்பிக்குக் கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை.

வாங்குபவருக்கும் இதில் பங்குண்டு. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்பதை மட்டுமே சொல்லும். பங்கின் அளவைச் சொல்லாது. அதில் உள்ள ஒவ்வொருவரும் விற்பனைப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். ஒரு மகள் விடுபட்டால் அவளுடைய பங்கு உங்களுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அவளோ அவளுடைய பிள்ளைகளோ பின்னாளில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். விலையை மூத்த மகனிடம் மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு வாரிசின் பெயருக்கும் தனித்தனி வங்கி வரைவோலையாகக் கொடுங்கள். சட்டப்படி உங்களுக்குப் பாதுகாப்பு; அந்தச் சகோதரியின் உரிமையும் அவள் கையைச் சேரும்.

வாரிசுகளில் சிறுவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் தனியார் சட்டத்தின்படி, சிறுவரின் சொத்துக்குப் பாதுகாவலர் தந்தை, அவர் நியமித்தவர், தந்தைவழிப் பாட்டனார், அவர் நியமித்தவர் ஆகியோரே. தாயாரோ, அண்ணனோ, சிற்றப்பாவோ நீதிமன்றம் நியமிக்காத வரை சிறுவரின் வீட்டுப் பங்கை விற்க முடியாது. 1918ஆம் ஆண்டிலேயே இமாம்பந்தி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகத் தீர்ப்பளித்து விட்டது. எனவே விதவைத் தாய் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துக் கையொப்பமிட்டுத் தந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீதிமன்ற அனுமதியைக் கேளுங்கள். அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்ற இறைவசனத்தை அறிந்தவர்கள் இதில் அலட்சியம் காட்ட இயலாது.

வாய்மொழி ஹிபாவையும் இங்கே சொல்ல வேண்டும். கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக் கொள்ளுதல், வீட்டை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா செல்லும். ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. தந்தை எனக்கு ஹிபா செய்தார் என்று ஒரு மகன் மட்டும் கூறி விற்க வந்தால், மற்ற வாரிசுகள் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

நிலம் யாருடையது?

வடசென்னையில் வீடு ஒருவருடையதாகவும் நிலம் வேறொருவருடையதாகவும் இருப்பது சாதாரணம். கோயில் நிலத்திலும் வக்ஃபு நிலத்திலும் அடிமனை வாடகை செலுத்திக் கொண்டு தலைமுறைகளாக வாழ்பவர்கள் உண்டு. அவர்கள் விற்பது கட்டடத்தையும் குடியிருக்கும் வசதியையும் மட்டுமே. வக்ஃபு செய்யப்பட்ட சொத்து அல்லாஹ்வுக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. அதை விற்க முத்தவல்லிக்கும் உரிமை இல்லை. 2013ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வக்ஃபு சொத்தை விற்பதையும் அன்பளிப்பாகக் கொடுப்பதையும் தடை செய்துள்ளது. விலை மலிவு என்பதற்காக அதில் கை வைப்பவர் இம்மையிலும் நட்டமடைவார், மறுமையிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளும் இப்படியே. அவ்வாரியம் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் உள்ளவர், வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் பெறும் வரை உரிமையாளர் ஆக மாட்டார். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதித் தருவதை நம்பி லட்சங்களைக் கொடுப்பவர், உரிமையில்லாதவரிடமிருந்து உரிமையை வாங்க முயல்கிறார்.

பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டி, இதுவே விற்பனைக்குச் சமம் என்பவர்களும் உண்டு. அத்தகைய பத்திரம் சொத்துரிமையை மாற்றாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரம் பெற்றவர் விற்கலாம். ஆனால் அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதை ரத்துச் செய்யவில்லையா என்று அவரிடமே நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் மனை வாங்குபவர்கள் மனைப்பிரிவு அனுமதியைப் பார்க்க வேண்டும். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகளை வெளியிட்டது. உங்கள் மனை அவ்வாறு வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று ஆணையைக் கேட்டுப் பாருங்கள். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுவதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

பார்க்க வேண்டிய பத்திரங்கள்

மூலப் பத்திரங்களை அசலாகக் கேளுங்கள். நகல் மட்டும் காட்டினால், அசல் எங்கோ அடகில் இருக்கிறது என்று எண்ணிக் கொண்டு விசாரியுங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சொல்லாது. வாய்மொழி ஹிபா, பாகம் பிரிக்கப்படாத வாரிசுகள், நிலுவையிலுள்ள பெரும்பாலான வழக்குகள், பதிவு செய்யாத கடன் ஆகியவை அதில் இரா. எனவே பழைய பத்திரங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது வீண் செலவு ஆகாது.

திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்து, பின் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. பழைய பத்திரங்களில் அந்தப் பெயர்களும் பழைய கதவிலக்கங்களும் இருக்கும். ஆகையால் கதவிலக்கத்தை மட்டும் நம்பாமல் சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டுடன் ஒப்பிடுங்கள். நாடாவைப் பிடித்து அளந்து பாருங்கள். ராயபுரத்துப் பழைய வீடுகளில் பொதுச் சுவரும் பொது நடையும் யாருக்குரியவை என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரித்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற நபிமொழி புகாரீ, முஸ்லிம் நூல்களில் வந்துள்ளது. பக்கத்து வீட்டு நடையில் படிக்கட்டைக் கட்டிவிட்டு, அதையும் சேர்த்து விற்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

அடுக்குமாடி வீடாயின், பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். புதிய கட்டடத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் இருந்தாலோ, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, அது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். போக்கியத்திற்கு இருப்பவர் தம் பணத்தைத் திரும்பப் பெறும் வரை வெளியேற மாட்டார். அந்தத் தொகையை விற்பவர் எப்போது எப்படிக் கொடுப்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

முன்பணமும் பேச்சும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக் கொள்ளுமாறும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. "நம்ம ஆளுதானே, எதற்கு எழுத்து" என்பது நம்பிக்கையின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். நெருங்கியவர்களிடையே பகை வராமல் காப்பதே எழுத்து. விலை, முன்பணம், மீதி செலுத்தும் நாள், வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கும் நாள், உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருதல் ஆகியவற்றை எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்.

குறித்த நாளில் பணம் புரட்ட முடியாதவரின் முன்பணத்தை அப்படியே விழுங்குவது வழக்கமாகி விட்டது. ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலைப்பாடு அது கூடாது என்பதே. உங்களுக்கு உண்மையாக ஏற்பட்ட இழப்பு என்ன என்று இரு தரப்பும் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள். அதேபோல், விலை பேசி முடித்த பின் இன்னொருவர் இரண்டு லட்சம் கூடுதலாகத் தருகிறார் என்று வாக்கை மாற்றுவதும், ஒருவர் முடித்த வியாபாரத்தின் மேல் மற்றவர் சென்று விலை பேசுவதும் தடுக்கப்பட்டவை. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரை வாங்குபவர் போல நிறுத்தி விலையை ஏற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தரகர்களும் தரகரை ஏவுபவர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பத்திரத்தில் எழுதும் விலை

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல், விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாம் சொன்ன 48 லட்ச ரூபாய் வீட்டுக்கு இது 4,32,000 ரூபாய். இந்தத் தொகையை முதலிலேயே கணக்கில் சேர்க்காமல் கடைசி வாரத்தில் வட்டிக்கு அலைபவர்கள் பலர். பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு, 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைக்கப்பட்டுள்ளது.

இந்தச் செலவைக் குறைக்க, 48 லட்சத்துக்கு வாங்கி, 30 லட்சம் என்று எழுதி, மீதியை ரொக்கமாகக் கொடுப்பவர்கள் உண்டு. முதலாவது, அது பொய். அதற்குச் சாட்சிக் கையொப்பமிடுபவரும் பொய்க்குச் சாட்சியாகிறார். இரண்டாவது, நாளை விற்பனை ரத்தானால் எழுதிய 30 லட்சத்தைத்தான் நீங்கள் நிரூபிக்க முடியும். மூன்றாவது, அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்துள்ளது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் மேல் விழும்.

அண்டை வீட்டார்

கூட்டுச் சொத்தில் தம் பங்கை விற்க விரும்புபவர், முதலில் தம் பங்காளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். பொதுச் சுவரும் பொதுக் கிணறும் உள்ள நம் தெருக்களில், வீட்டை விற்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வது இந்த வழிகாட்டலின் உயிரைப் பேணுவதாகும். வாங்குபவருக்கும் அது நன்மை. எல்லைத் தகராறு இருந்தால் அன்றே தெரிந்து விடும்.

சகோதரர்களே! விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் பேசினால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வெள்ளக் கறையைச் சொல்லி விற்பதால் ஒரு லட்சம் குறையலாம். சகோதரிக்குப் பங்கு கொடுப்பதால் ஏழு லட்சம் குறையலாம். குறைந்து விட்டதாகத் தோன்றும் அந்தப் பணம், முதலிலிருந்தே நம்முடையது அன்று.

விற்கப் போகும் வீட்டின் குறைகளை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். தந்தை விட்டுச் சென்ற வீட்டில் வாழ்பவர்கள், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், தாயும் சகோதரிகளும் உயிருடன் இருக்கும்போதே ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் வைத்துப் பங்குகளைக் கணக்கிட்டுப் பதிவு செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வாரிசுகளின் எண்ணிக்கை கூடும். மனங்களுக்கிடையே தூரமும் கூடும்.

நாம் குடியேறும் வீடுகளில் பிறர் உரிமை ஒரு சாண் அளவும் கலந்து விடாமல் வல்ல அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.